எப்பதிப்பு என்னும் வினா: தமிழ் ஆய்வேடுகளில் சான்று காட்டும் முறை

தமிழ்த்துறைகளில் முனைவர் பட்டத்திற்கு அளிக்கப்பெறும் ஆய்வேடுகளின் புறவடிவம் கடந்த சில பத்தாண்டுகளில் பெரிதும் ஒழுங்குபட்டுள்ளது. எழுத்துரு, வரியிடைவெளி, ஓரம், இயல் பகுப்பு, துணைநூற்பட்டியலின் வரிசைமுறை ஆகிய அனைத்திற்கும் பல்கலைக்கழகங்களும் ஆய்விதழ்களும் விதி வகுத்துள்ளன. காற்புள்ளி இடவேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி இட்டால் நெறியாளர் சுழித்துக் காட்டுகிறார். எனினும், ஆய்வேட்டின் இறுதிப் பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மேற்கோளைத் தேடிச் செல்பவர் அதே சொற்களை அதே இடத்தில் கண்டடைவாரா என்று கேட்டால் நிறைவான விடை கிடைப்பது அரிது. “புறநானூறு, பா. 183” என்று மட்டும் எழுதும் வழக்கமும், பட்டியலில் “புறநானூறு, சென்னை” என்று முடித்துவிடும் வழக்கமும் இன்றும் நீங்கவில்லை.

மேற்கோள் குறிப்பின் முதற்கடமை, ஆய்வாளர் உண்மையில் பார்த்த பதிப்பையும் பார்த்த வடிவத்தையும் அறிவிப்பதாகும். எந்த நடைவழிகாட்டியைப் பின்பற்றுவது, ஆண்டை எங்கே இடுவது என்பன அதற்குப் பின் எழும் வினாக்கள். தமிழாய்வில் இவ்வரிசை தலைகீழாகியுள்ளது. அதனால் விளையும் கேடு வெறும் ஒழுங்குக் குறைவாக நின்றுவிடாமல் ஆய்வு முடிவுகளையே பிழையாக்கக்கூடியது.

மறைமலையடிகள் நூல்கள் தரும் பாடம்

இதற்குரிய தெளிவான எடுத்துக்காட்டு சென்னையின் தென்புறநகரிலேயே உள்ளது. ஊரப்பாக்கத்தில் குடியிருக்கும் ஆய்வு மாணவர் ஒருவர் ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சென்றால் மறைமலைநகர் வருகிறது. வடக்கே சென்றால், அந்நகருக்குப் பெயர் தந்த அடிகள் 1911 முதல் வாழ்ந்த பல்லாவரம் வருகிறது. வேதாசலம் என்னும் பெயருடன் அவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய காலத்தில், 1903இல், முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை வெளிவந்தது. பட்டினப்பாலை ஆராய்ச்சியுரை 1906இல் வந்தது. 1916இல் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்ட பின்னர், தம் முந்தைய நூல்களை மீண்டும் அச்சிட்டபோது அவற்றிலிருந்த வடசொற்களை நீக்கி அவ்விடங்களில் தமிழ்ச்சொற்களை அவரே அமைத்தார். எனவே ஒரே தலைப்பில், ஒரே ஆசிரியர் பெயரில், இருவேறு உரைநடைகள் நிலவுகின்றன.

அடிகளின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டபின் பல பதிப்பகங்கள் அவற்றை வெளியிட்டுள்ளன. பிற்காலத் திருத்தப் பாடத்தை அடியொற்றிய மறுஅச்சு ஒன்றை ஓர் ஆய்வாளர் பயன்படுத்துகிறார் என்றும், முதற்பதிப்பின் ஆண்டை வேறோர் இடத்தில் அறிந்து “1903” என்று தம் குறிப்பில் எழுதுகிறார் என்றும் கொள்வோம். அவர் அந்நூலின் சொல்லாட்சியைக் கணக்கிட்டால், வடசொற் கலப்புக் குறைந்த ஆராய்ச்சி உரைநடை 1903லேயே நிலைபெற்றுவிட்டது என்னும் முடிவுக்கு வருவார். தனித்தமிழ் உரைநடையின் வரலாறு பதின்மூன்று ஆண்டுகள் முன்னே நகர்ந்துவிடும். அவர் எழுதிய ஒவ்வொரு சொல்லும் அவர் கையிலிருந்த நூலில் இருக்கிறது. பொய்யான மேற்கோள் ஒன்றேனும் இல்லை. இருந்தும் முடிவு பொய்யாகிறது. முதற்பதிப்பின் ஆண்டு, பயன்படுத்திய அச்சின் ஆண்டு ஆகிய இரண்டையும் எழுத வேண்டும் என்னும் எளிய விதி இப்பிழையைத் தடுத்திருக்கும். இரண்டு ஆண்டுகளையும் அருகருகே எழுதும்போதே, இடையில் என்ன நிகழ்ந்தது என்னும் ஐயம் ஆய்வாளருக்குத் தோன்றிவிடும்.

பாடல் எண் மட்டும் போதுமா?

செவ்வியல் நூல்களுக்குப் பக்க எண் வேண்டா, பாடல் எண்ணே போதும் என்பது பரவலான கருத்து. பாடல் எண் தருவது நல்ல வழக்கமே. ஆனால் அவ்வெண் எப்பதிப்பின் எண் என்பதைச் சொல்லாதபோது அது பாதி முகவரியாகிவிடுகிறது. திருக்குறளில் 1 முதல் 1330 வரை இன்று வழங்கும் எண்முறை பரிமேலழகர் கொண்ட வரிசையைத் தழுவியது. மணக்குடவர் உரையில் குறட்பாக்களின் வைப்புமுறை வேறு. மணக்குடவர் உரையை ஆராயும் ஒருவர் பரிமேலழகர் வரிசையெண்ணை மட்டும் தந்தால், அவர் ஆராயும் உரையாசிரியர் பாக்களை அமைத்த முறையே மறைந்துபோகிறது.

தொல்காப்பியத்தில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. சொல்லதிகாரத்தை இளம்பூரணர் 456 நூற்பாக்களாகவும் சேனாவரையர் 463 நூற்பாக்களாகவும் கொள்கின்றனர். ஒருவர் ஒன்றாகக் கொண்டதை மற்றவர் இரண்டாகப் பிரிப்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். எங்கே பிரிப்பது என்பது பொருள்கோளைச் சார்ந்த முடிவு. ஆகவே “தொல். சொல்.” என்று எழுதி ஓர் எண்ணை இடும்போது, ஆய்வாளர் தம்மை அறியாமலே ஓர் உரையாசிரியரின் பக்கம் சாய்கிறார். கம்பராமாயணத்திலோ மிகைப்பாடல்களைக் கொள்வதிலும் தள்ளுவதிலும் பதிப்பாசிரியர்கள் வேறுபடுவதால், வை.மு.கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரைப்பதிப்பு, அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பதிப்பு, சென்னைக் கம்பன் கழகப் பதிப்பு ஆகியவற்றில் பாடல் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. தேவாரத்திற்குத் தலமுறை, பண்முறை என இருவகை வைப்புமுறைகள் உள்ளன.

பாடத்திலும் வேறுபாடு உண்டு. உ.வே.சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு 1894, 1923, 1935 ஆகிய ஆண்டுகளில் அவர் வாழ்நாளிலேயே மும்முறை வெளிவந்தது. ஆதலால் “உ.வே.சா. பதிப்பு” என்று மட்டும் எழுதுவதும் முழுமையான குறிப்பாகாது. குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915இலும் உ.வே.சா. 1937இலும் பதிப்பித்தனர். சுவடிகளின் பாடவேறுபாடுகளை விரிவாகத் தொகுத்த ஈவா வில்டனின் பதிப்பு 2010இல் வந்தது. மர்ரே எஸ்.ராஜம் 1950களில் வெளியிட்ட பதிப்புகளில் பாடல்கள் சந்தி பிரித்துத் தரப்பட்டன. பொதுப் படிப்பிற்கு அவை பேருதவி புரிந்தன. ஆனால் சீரமைப்பையோ தளையையோ ஆராயும் ஒருவர் அவற்றை அடிப்படையாகக் கொண்டால் யாப்பு சிதைந்த பாடத்தில் யாப்பைத் தேடுபவராவார். எப்பதிப்பு என்பதைக் குறிக்காத ஆய்வேட்டில் இப்பிழையைத் தேர்வாளரால் கண்டுபிடிக்கவும் இயலாது.

மரபு சொல்வது என்ன?

சான்று காட்டும் ஒழுங்கு மேலைநாட்டிலிருந்து வந்த கட்டாயம் என்றும், என்ப, என்மனார் என்று பொதுவாகச் சுட்டுவதே தமிழ் மரபு என்றும் சிலர் கருதுவதுண்டு. தமிழ் இலக்கிய வரலாறு இக்கருத்தை ஏற்கவில்லை. புறத்திரட்டைத் தொகுத்தவரின் பெயர் தெரியவில்லை. ஆனால் அவர் தாம் எடுத்த பாடல்களுக்குரிய நூற்பெயர்களைக் குறித்துவைத்தார். முத்தொள்ளாயிரப் பாடல்களில் 108 இன்று கிடைப்பது அவரால்தான். வளையாபதி, குண்டலகேசி, தகடூர் யாத்திரை ஆகியவற்றின் பாடல்கள் பல அவற்றிற்கு உரியனவாக அடையாளம் பெற்றதும் அக்குறிப்புகளால்தான். நூற்பெயரைக் குறிக்காமல் பாடலை மட்டும் அவர் எழுதியிருந்தால், பாடல்கள் தனிப்பாடல்களாக நின்றிருக்கும். நூல்கள் முற்றிலும் அழிந்திருக்கும். எஸ்.வையாபுரிப்பிள்ளை 1938இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழி அத்தொகுப்பைப் பதிப்பித்ததும், பின்னர் மயிலை சீனி.வேங்கடசாமி “மறைந்துபோன தமிழ் நூல்கள்” என்னும் நூலைத் தொகுக்க முடிந்ததும் பழையோர் விட்டுச்சென்ற இத்தகைய குறிப்புகளின் பயனே.

மறுதலையான சான்றும் உண்டு. சீவகசிந்தாமணி உரையில் நச்சினார்க்கினியர் பல இடங்களில் நூலின் பெயரைச் சொல்லாமலே மேற்கோள் காட்டிச் செல்கிறார். 1887இல் அந்நூலைப் பதிப்பிக்குமுன் அம்மேற்கோள்கள் எங்கிருந்து வந்தவை என்று தேடுவதில் உ.வே.சா. பட்ட பாடு பெரிது. அத்தேடல் அவரைச் சங்க இலக்கியச் சுவடிகளுக்கு இட்டுச்சென்றது என்பது தமிழுலகின் நற்பேறு. ஆயினும் எல்லா மேற்கோள்களுக்கும் ஓர் உ.வே.சா. வாய்ப்பதில்லை. அவரோ தம் பதிப்புகளில் தமக்குச் சுவடி உதவியவர்களின் பெயர்களையும் பாடபேதங்களையும் முறையாகப் பதிவு செய்தார். தாம் கண்டதை இன்னதென்று அறிவிக்கும் நேர்மைக்கு இதைவிடச் சிறந்த தமிழ் முன்மாதிரி தேவையில்லை.

நூலகத் தொலைவும் மின்பாடமும்

இன்றைய ஆய்வாளரின் நிலையையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, வண்டலூர் போன்ற ஊர்களில் வாழ்ந்துகொண்டு பகுதிநேரமாக ஆய்வு செய்வோர் பலர். எழும்பூர்க் கன்னிமாரா நூலகத்திற்கு மின்தொடர்வண்டியில் ஒரே வழியாகச் சென்றுவிடலாம். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திற்கும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்திற்கும், பெசன்ட் நகரிலுள்ள உ.வே.சா. நூல்நிலையத்திற்கும், பெரும்பாக்கத்திலுள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்திற்கும் ஊரப்பாக்கத்திலிருந்து நேரடித் தொடர்வண்டி இல்லை. வேலைநாளில் பணி, நூலக நேரத்தில் பயணம் என்றால் ஆய்வு நடவாது. ஆகவே அவர்கள் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களையும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலுள்ள நூல்களையும் நாடுகின்றனர். இது முற்றிலும் முறையான வழியே. இவ்விரு முயற்சிகளும் இல்லையேல் நகர மையத்திற்கு வெளியே தமிழாய்வு பெரிதும் முடங்கியிருக்கும்.

குறை வேறிடத்தில் உள்ளது. மின்பாடத்தைப் படித்துவிட்டு, குறிப்பில் மட்டும் அச்சுநூலின் பெயரையும் பக்கத்தையும் எழுதும் வழக்கம் பரவியுள்ளது. மின்பாடத்தைக் காட்டினால் ஆய்வேட்டின் மதிப்புக் குறையும் என்னும் அச்சமே இதற்குக் காரணம். இவ்வச்சத்தை ஆய்வாளரிடம் தோற்றுவித்தவர்கள் தேர்வாளர்களும் நெறியாளர்களுமே என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இங்கு இருவகை மின்வடிவங்களைப் பிரித்தறிவது இன்றியமையாதது. ஒன்று, அச்சுநூலின் பக்கங்களைப் படம்பிடித்த படிமம். அதைப் படிப்பவர் அப்பதிப்பையே படிக்கிறார். பக்க எண்ணும் அச்சுப்பிழையும் உட்பட அனைத்தும் அதில் உள்ளன. எனவே அப்பதிப்பின் விவரங்களைத் தந்து, படிமமாகப் பார்த்ததையும் எங்குப் பார்த்தது என்பதையும் சேர்த்தெழுதினால் போதும். மற்றொன்று, தட்டச்சு செய்யப்பட்ட பாடம். இதில் தட்டச்சாளரும் மெய்ப்புத் திருத்தியவரும் இடையே வந்துவிடுகின்றனர். சந்தி பிரிப்பு, ஒற்று, அடியமைப்பு ஆகியன மாறியிருக்கக்கூடும். மதுரைத் திட்டத்தின் கோப்புகள் உழைத்தவர்களின் பெயர்களைத் தொடக்கத்திலேயே நன்றியுடன் குறிக்கின்றன. மேற்கோள் காட்டும் ஆய்வேடு அவ்வுழைப்பை மறைத்து அச்சுநூலைப் பார்த்ததுபோல் எழுதுவது இரட்டைப் பிழை. உண்மையும் மறைகிறது, உழைத்தவருக்குரிய பெயரும் மறைகிறது. அடிப்படைப் பாடத்தைப் பொறுத்து முடிவு அமையும் இடங்களில் மட்டுமேனும் அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்த்ததாக ஒரு வரி எழுதும் வழக்கம் ஏற்பட்டால், தொலைவில் வாழும் ஆய்வாளர் இருபது பயணங்களுக்கு மாற்றாக ஓரிரு பயணங்களோடு நிறைவு பெறலாம்.

இதனோடு தொடர்புடைய மற்றொன்று, பிறர் எடுத்தாண்ட மேற்கோளை மூலத்தில் பார்த்ததுபோல் எழுதுவது. ஒரு திறனாய்வு நூலில் கண்ட உரைப்பகுதியை அந்நூலின் “வழி” எனக் குறிக்க வேண்டும். அவ்வொரு சொல்லை விடுவதால், முதலில் எடுத்தாண்டவர் செய்த எழுத்துப்பிழை பத்து ஆய்வேடுகளில் பத்துச் சான்றுகளாகப் பெருகுகிறது.

கள ஆய்வுச் சான்றுகள்

அச்சுநூலுக்காவது மற்றொரு படி எங்கேனும் இருக்கும். கள ஆய்வில் திரட்டிய வாய்மொழித் தரவிற்கு அவ்வாய்ப்பும் இல்லை. தென்புறநகரில் நாட்டார் வழக்காறுகளையோ ஊர்ப்பெயர்களையோ ஆராய்வோர் இதனை நன்குணர்வர். வயலும் ஏரியும் சார்ந்த சிற்றூர்கள் குடியிருப்புத் தொகுதிகளாகிவிட்டன. ஏற்றப்பாட்டும் நடவுப்பாட்டும் தெரிந்த முதியோர் மறைகின்றனர், குடும்பங்கள் இடம்பெயர்கின்றன. “கள ஆய்வு, ஊரப்பாக்கம்” என்று மட்டும் எழுதினால் பின்வருவோர்க்கு அது எவ்வழியும் காட்டாது.

ஆட்சிப் பிரிவுகளின் மாற்றமும் குழப்பத்தைக் கூட்டுகிறது. முன்னைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், 1997இல் நிகழ்ந்த பிரிவினைக்குப் பின் காஞ்சிபுரம் மாவட்டத்திலும், 2019இல் புதிய மாவட்டம் அமைந்தபின் செங்கல்பட்டு மாவட்டத்திலும் உள்ளது. 1990களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஆய்வேட்டையும் 2010இல் எழுதப்பட்டதையும் இன்று எழுதப்படுவதையும் ஒப்பிடுபவருக்கு, ஒரே ஊர் மாவட்டம் மாறித் தோன்றும். தரவு திரட்டிய நாள் இருந்தால் இக்குழப்பம் எழாது. நாள், இடம், தகவலாளரின் அகவை, தொழில், அவர் இசைவு தந்த அளவு, ஒலிப்பதிவு எங்கே பாதுகாக்கப்படுகிறது என்னும் செய்தி ஆகியன கள ஆய்வுக் குறிப்பின் உறுப்புகளாதல் வேண்டும். தகவலாளர் தம் பெயரை வெளியிட விரும்பாவிடின் குறியெண் தரலாம். ஒலிப்பதிவு ஆய்வாளரின் கைப்பேசியிலேயே இருந்து அழிந்துபோவதைத் துறைகள் இனியும் பொறுத்துக்கொள்ளலாகாது.

விழுக்காடு அளக்காதவை

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட ஒழுங்குமுறை, ஒப்புமை 10 விழுக்காடு வரை இருப்பின் தண்டம் இல்லை என்றும், அதற்குமேல் படிநிலைகளாக நடவடிக்கை உண்டு என்றும் வகுத்தது. உரிய சான்றோடு எடுத்தாளப்பெற்ற மேற்கோள்கள் இக்கணக்கில் சேரா. அதன் நோக்கம் நன்று. நடைமுறையிலோ நேர்மை என்பது ஒரு விழுக்காட்டுச் சான்றிதழாகச் சுருங்கிவிட்டது. ஒரே சங்கப்பாடலை மேற்கோள் காட்டும் இரு ஆய்வேடுகளில் சொற்கள் ஒத்திருப்பது இயல்பு. விலக்குகளைச் சரிவர அமைக்காவிடின் மென்பொருள் அதனைக் குற்றமாகக் காட்டும். ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்கள் பலவற்றில் தட்டச்சு செய்த ஆய்வேட்டில், திரையில் தமிழாகத் தெரிவது கணினிக்குள் ரோமன் எழுத்துக் கோவையாகவே உள்ளது. அதனை ஒருங்குறிப் பாடத்தோடு ஒப்பிட மென்பொருளால் இயலாது. தமிழ்நாட்டு அரசு 2010லேயே ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டிருந்தும், பழைய எழுத்துருக்கள் துறைகளில் இன்னும் புழங்குகின்றன.

மென்பொருள் பிழையின்றி இயங்கினாலும், இக்கட்டுரை சுட்டும் குறை எதுவும் அதன் கண்ணில் படாது. பார்க்காத பதிப்பைப் பார்த்ததாக எழுதுவது, “வழி” என்பதை விடுவது, திருத்தப் பதிப்பிற்கு முதற்பதிப்பின் ஆண்டை இடுவது ஆகியவற்றால் ஒப்புமை விழுக்காடு கூடுவதில்லை. புதிய அடிக்குறிப்பொன்றை இடையில் சேர்த்ததால் அடுத்துள்ள “மேலது” வேறொரு நூலைச் சுட்டத் தொடங்குவதையும் மென்பொருள் அறியாது. இவற்றை அறியக்கூடியவர் படிக்கும் மனிதர் ஒருவரே.

பெயர் வைப்புமுறை பற்றியும் ஒரு சொல். பன்னாட்டு நடைவழிகாட்டிகள் குடும்பப்பெயரை முதலில் இடச் சொல்கின்றன. தமிழர் பெயரில் முன்னெழுத்து ஊரையும் தந்தையையும் குறிக்கும். நூற்பட்டியல் மென்பொருள் இறுதிச் சொல்லைக் குடும்பப்பெயராகக் கொள்வதால், உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதையர் வெறும் “ஐயர்” ஆகிவிடுகிறார். அதே எழுத்தின்கீழ் வேறு பலரோடு கலந்துவிடுகிறார். “சாமிநாதையர், உ.வே.” என்னும் தமிழ் வழக்கே தெளிவானது. பரிதிமாற் கலைஞர், வி.கோ.சூரியநாராயண சாஸ்திரியார் என ஒருவருக்கு இரு பெயர் வழங்குமிடத்து, நூலின் முகப்பிலுள்ள பெயரை முதன்மையாகத் தந்து மற்றதை அடைப்பில் குறிப்பது நன்று.

முடிவுரை

துறைகள் புதிதாகப் பெருநூல் ஒன்றை விதிநூலாக இயற்ற வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆய்வேட்டின் முன்பகுதியிலும் “பயன்படுத்திய பதிப்புகள்” என ஒரு பக்கம் அமையட்டும். முதன்மை நூல் ஒவ்வொன்றுக்கும் பதிப்பாசிரியர், பின்பற்றிய உரை, முதற்பதிப்பின் ஆண்டு, கையாண்ட அச்சின் ஆண்டு, பார்த்த வடிவம் ஆகிய ஐந்தும் அதில் இடம்பெறட்டும். அதன்பின் உள்ளே பாடல் எண் மட்டும் தந்தாலும் குறை நேராது. இதனால் பக்கம் பெருகும் என்பார்க்கு, ஒரு பக்கமே பெருகும் என்பது விடை.

தேர்வாளர்கள் ஆய்வேட்டின் மேற்கோள்களில் பத்தினைத் தாமே தேர்ந்து மூலத்தோடு ஒப்பிட்டு, அதன் பயனை அறிக்கையில் எழுதலாம். வாய்மொழித் தேர்வில் “இதனை எங்கே, எவ்வடிவில் பார்த்தீர்?” என்று கேட்கலாம். மின்பாடத்தில் பார்த்ததாக ஆய்வாளர் சொன்னால் அதனை இழிவாகக் கருதாமல் உண்மையாகக் கருதி ஏற்க வேண்டும். அவ்வாறு ஏற்கும் தேர்வாளர் இருக்குமிடத்தில்தான், ஊரப்பாக்கத்து வீட்டில் இரவில் கைப்பேசித் திரையில் பாடம் ஒப்பிடும் ஆய்வாளர் தாம் கண்டதைக் கண்டவாறே எழுதுவார். புறத்திரட்டின் பெயரறியாத் தொகுப்பாளர் பின்னோர்க்குச் செய்த உதவியை இன்றைய ஆய்வேடுகளும் செய்ய இயலும்.